ஆற்றின் நடுவில் ஒரு வளைவு

அந்த ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடினால் கூழாங்கற்களுக்கு இடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் என் தங்கை பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதும் கூடவே தெரிகிறது. பாறை வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே நாளாக இருக்க முடியாது. அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் சில கேள்விகள் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும்.

அதனால் மற்றதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பேச்சுகள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. எங்கள் வீட்டில் பேச்சு குறைவு என்பதால் இருக்கலாம்.

தங்கைக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனது. நடக்கும்போது காலைத் தாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த காலிப்பர் அலுமினியம். அவளோ ஓரிடத்தில் நில்லாத பிள்ளை. மாதம் தவறாமல் எங்கேயாவது முறிந்துவிடும். அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். "தகரத்தைக் கொடுத்து ஏமாத்துறானுங்க" என்று சொல்லி, தானே எஃகுப் பட்டைகளைக் கடைந்து, தேய்த்து, மெருகேற்றி, முட்டியில் ஒரு பூட்டு வைத்துக் கொண்டுவந்தார். அது முறியவே இல்லை. அவள் வளர வளரப் புதிதாகச் செய்துகொடுத்தார். காலையில் தோல்வார்களை இழுத்துக் கட்டுவது என் வேலை. பல் தேய்ப்பதைப் போல அதுவும் ஒரு காரியம்.

அவள் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் முதலாண்டு பொது அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஆண்டு முடிவில் எந்தத் துறை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்கும் படிப்பாக இருக்கட்டும் என்பது அப்பாவின் எண்ணம். அந்தச் சமயத்தில்தான் நிலவியல் துறைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மலைமுழுங்கி. கூட ஒரு விரிவுரையாளரும் வந்திருந்தார். அவரை எல்லோரும் மேடம் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

"எங்க துறையில கல்லுக்குப் பஞ்சமில்லீங்க, படிக்க ஆளுக்குத்தான் பஞ்சம்" என்றார் மலைமுழுங்கி. "வர்ற நாலு பேரும் ஒரே அச்சு. மலை ஏறிப் பழகின பசங்க, வீட்டுல ஏன் எங்கேன்னு கேட்காத பசங்க. இப்படியே போனா இழுத்து மூடிட வேண்டியதுதான். அதனால இந்தத் தடவை, எங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவங்களாத் தேடிக் கூட்டிட்டுப் போறோம். பாடம் அப்புறம். முதல்ல பாறைகிட்ட கொண்டுபோய் நிறுத்தி, கையில காம்பஸைக் கொடுத்து, நிஜ ஆராய்ச்சி வேலை. பிடிச்சிருந்தா சேரட்டும்."

"கல்லு உடைக்க எம்பொண்ணுதான் கிடைச்சாளா?" என்றார் அப்பா.

"உடைக்க வேணாம். அளந்தா போதும்."

"அளந்து?"

"பூமிக்கு உள்ளே என்ன நடந்திருக்குன்னு சொல்லிடலாம்."

"எங்க ஓனர் மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ற படிப்பு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, நானே சேர்றேன்."

தங்கை டீ கொண்டுவந்தாள். காலிப்பரின் பூட்டு ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னச் சத்தம் போடும். மலைமுழுங்கியும் மேடமும் அவ்வளவு பண்பானவர்கள். அவள் நடந்து வந்து வைத்துவிட்டுத் திரும்பும்வரை இரண்டு பேரும் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நான் போறேன்" என்றாள் தங்கை.

அப்பா டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவளும் கூடப் போனா சரி" என்றார். நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

முகாமுக்கு, அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை ஊர் எல்லையைத் தாண்டாதவர்கள். மீசை என்று ஒரு பையன் இருந்தான். மீசை முளைக்கவில்லை, அதனால் அந்தப் பெயர். தங்கைக்கு அவர்கள் ஒரே நாளில் ஜட்ஜம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் தீர்ப்புச் சொல்கிற மாதிரி பதில் சொல்வாள்.

முதல் காலையில் மேடம் காம்பஸை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது ஒரு சந்தேகப் பிராணி. பக்கத்துல இரும்பைக் கண்டா புத்தி மாறிடும். அளக்கும்போது சுத்தியலைத் தூர வைங்க. சாவி, செல்போன், பெல்ட் கொக்கி எல்லாத்தையும் எடுத்துடுங்க."

எல்லோரும் பைகளைக் காலி செய்தார்கள். மீசை பெல்ட்டை உருவிவிட்டு ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், இது சரிஞ்சா அந்தச் சரிவையும் அளக்கணுமா?"

"அளவு எடுக்கிற அளவுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்லைடா" என்றாள் தங்கை. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் தலையிலிருந்து ஹேர்பின்களை எடுத்தேன். தங்கை என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "காதுக்குப் பின்னாடி இன்னும் ஒண்ணு இருக்கு, எடு. என் ஆராய்ச்சியைக் கெடுத்துடாதே அக்கா."

எடுத்தேன்.

வேலை எளிதுதான், எனக்கே புரிந்தது. அங்கே பாறைகள் புத்தகக் கட்டைச் சாய்த்து வைத்ததுபோல அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் நிலத்துக்கு அடியில் என்ன வடிவம் என்று தெரிந்துவிடும்.

மற்றவர்கள் கரைமேல் ஏறினார்கள். ஆற்றின் நடுவே இருந்த தட்டைப் பாறைகளை மேடம் தங்கையிடம் கொடுத்தார். "நடுப்பகுதிதான் முக்கியம். அதுக்கு நிதானமான ஆள் வேணும்" என்றார். அது இரக்கம்தான். ஆனால் அவள் மனம் நோகாதபடி செய்த இரக்கம். அவளும் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி வாங்கிக்கொண்டாள்.

கரை ஓரத்துச் சுவரில் அவள் நின்றபடி, காம்பஸை மார்புக்கு நேரே பிடித்து அளந்தாள். மற்றவர்களுக்கு வந்த அதே திசை வந்தது. நடுவே இருந்த பாறைகள் தரையோடு தரையாகக் கிடந்தன. அவளால் குந்த முடியாது. அதனால் என் தோளைப் பிடித்து உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டிக்குப் பக்கத்தில் பாறைமேல் காம்பஸைச் சேர்த்து வைத்தாள். முள் நிற்கக் காத்திருந்தாள். எண்ணைச் சொன்னாள். நான் எழுதினேன். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"என்னடி?"

"திரும்புது."

"எது?"

"பாறை. கரையில ஒரு திசை, இங்க வேற திசை. வளையுது அக்கா."

அடுத்த பாறையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். முந்தையதற்குத் திரும்பிப் போய் மறுபடி அளந்தாள். நிதானமான ஆள் அல்லவா, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி உட்கார்ந்து, அதே மாதிரி காலை நீட்டி, அதே இடத்தில் காம்பஸை வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே விடை வந்தது. அவள் கவனக்குறைவாக இருந்திருந்தால், ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வகுப்பறைத் தரையில் வரைபடத்தை விரித்து எல்லோருடைய கோடுகளையும் சேர்த்தார்கள். இரண்டு கரையிலும் நேராக ஓடிய கோடுகள் ஆற்றின் நடுவில் வந்து இடுப்பை ஒடித்ததுபோல வளைந்தன. மலைமுழுங்கி மண்டிபோட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"மடிப்பு. அடுக்கு மடங்கியிருக்கு" என்றார். "வருஷா வருஷம் இங்க வந்து போறேன். எல்லாரும் மேலேயே ஏறுவோம். கீழ யாரும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை."

"அதுக்குத்தான் சார் ஜட்ஜம்மாவை உட்கார வச்சோம்" என்றான் மீசை.

தங்கை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பிறகும் இல்லை. நடக்க முடியாததால் கிடைத்த ஒன்று முதல் தடவையாக அவளுக்கு வாய்த்திருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே, "அக்கா, எனக்கு இதுதான். வேற எதுவும் வேணாம். இதை மட்டும் யாரும் பிடுங்காம இருந்தாப் போதும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லையோ என்னவோ.

அவள் நிலவியலில் சேர்ந்தாள். மலைமுழுங்கி ஒரு கட்டுரை எழுதினார், அதில் அவள் பெயரும் இருந்தது. பாறைமேல் உட்கார்ந்து அவள் அளக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். படம் எடுத்தவர் கால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கிட்டே போய்க் குனிந்து எடுத்திருந்தார். மேலே, 'நிலம் எல்லோருக்கும்' என்று போட்டிருந்தது. அடுத்த ஆண்டு துறையில் இடம் பிடிக்கப் போட்டி வந்தது. பெண்கள் வந்தார்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் வந்தார்கள். அப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். பட்டறையிலும் ஒன்று. "ஓனரே நின்னு பார்த்துட்டுப் போறார்" என்றார்.

அந்த மடிப்பு மேற்கொண்டு எங்கே போகிறது என்று பார்க்க ஆராய்ச்சி மாணவர் ஒருவரை அனுப்பினார்கள். உயரமானவர். தங்கை அவரை நெட்டை அண்ணா என்பாள். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார்.

"உன் மடிப்பைத் தேடிப் போயிருந்தேன்" என்றார் தங்கையிடம்.

"கிடைச்சுதா?"

"இல்லை."

"நெட்டையா வளர்ந்தா போதாதுண்ணா. குனிஞ்சு அளக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "குனிஞ்சுதான் அளந்தேன். எல்லாம் நேராத்தான் போகுது. நீ எப்படி உட்கார்ந்து அளந்தே, கொஞ்சம் காட்டுறியா?"

அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் பையிலிருந்து காம்பஸை எடுத்து, முதலில் தள்ளி வைத்தார். முள் நின்றதும் மெதுவாக அவள் முட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். முள் திரும்பியது.

அவள் இரண்டு கையாலும் காலைத் தூக்கி அப்பால் வைத்தாள். முள் பழைய இடத்துக்குப் போனது. மறுபடி காலைக் கொண்டுவந்தாள். திரும்பியது. மறுபடி எடுத்தாள். மறுபடி கொண்டுவந்தாள். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "என்னம்மா விளையாட்டு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் முள்ளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். நெட்டை எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கிரைண்டிங் மிஷின்ல காந்தத் தட்டுல ஒட்ட வச்சுத்தான் தேய்ச்சேன், எஃகுலயும் காந்தம் ஏறிடும்" என்றார் அப்பா. "மிஷின் சாமானா இருந்தா அந்தக் காந்தத்தை எடுத்துட்டுத்தான் கொடுப்போம். இது காலுக்குத்தானேன்னு..."

"விடுங்கப்பா" என்றாள் தங்கை. "மத்தவங்க பட்டறையில ஆணி வளையும். உங்க சரக்கு ஆத்தையே வளைச்சிருக்கு."

அப்பா கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

"அத்தனை வாத்தியாருங்க இருந்தாங்க" என்றாள் தங்கை. "ஒருத்தர்கூடப் பார்க்கலையாண்ணா?"

"பார்த்தா உனக்குச் சங்கடமா இருக்கும்னு..." என்றார் நெட்டை.

"நான் ஹேர்பின்னைப் பார்த்தேன். இவ தலையில, காதுக்குப் பின்னாடி இருந்த ஹேர்பின்னை."

நான் சுவரைப் பார்த்தேன். சட்டத்துக்குள் அந்தப் படம் இருந்தது. பாறை, காம்பஸ், அதற்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் பளபளக்கும் எஃகுப் பட்டை. ஒரு வருடமாக அது எத்தனையோ சுவர்களில் தொங்கியது. நிலவியல் படித்தவர்கள் எத்தனை பேர் அதன் முன்னால் நின்றிருப்பார்கள். அவர்கள் பார்த்தது தைரியத்தை. எங்கள் வீட்டில் அதுகூட இல்லை. எங்களுக்கு அது இரும்பாகத் தெரிந்ததே இல்லை. அது அவள் கால்.

அடுத்த வாரம் தங்கை மலைமுழுங்கியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. நாற்காலிகளை அவரே இழுத்துப் போட்டார்.

"உன் மேல தப்பே இல்லைம்மா. எங்க தப்பு."

"தெரியும் சார். நான் திரும்பப் போய் அளக்கணும். அடுத்த முகாமுக்கு என்னையும் சேர்த்துக்குங்க."

"எப்படிம்மா? அந்த இரும்பு..."

"கழட்டித் தூர வச்சுட்டு அளப்பேன்."

"கழட்டிட்டா ஒரு பாறையிலேர்ந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போவே?"

"தவழ்ந்து."

அவர் மேசையிலிருந்த கல்லை எடுத்து வைத்தார். மறுபடி எடுத்தார். "அது நல்லா இருக்காதும்மா. யாராவது படம் எடுத்துட்டா துறையைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"முன்னாடி நீங்கதானே சார் எடுத்தீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதை எதிர்த்து எதுவும் பேச முடியவில்லை.

"கட்டுரையைச் சத்தமில்லாமத் திரும்ப வாங்கிடுறோம். உன் பேரு எங்கேயும் அடிபடாது."

"அடிபடட்டும் சார். வளைவு இல்லை, அளந்தது தப்பு, ஏன் தப்புன்னு நானே எழுதுறேன்."

"வெளிய தெரிஞ்சா புதுசா ஆள் சேர்க்கிற இந்தத் திட்டத்தையே காலேஜ்ல கை கழுவிடுவாங்கம்மா. உன்னைப் பார்த்துட்டுத்தானே இத்தனை பேர் வந்திருக்காங்க. அவங்களை நினைச்சுப் பாரு. நீ மைக்ராஸ்கோப் ரூம்ல இரு. அதுவும் ஆராய்ச்சிதான். பாறை எங்கேயும் ஓடிப்போயிடாது."

"நானும் ஓடமாட்டேன்னு தைரியமா சொல்றீங்க" என்றாள் தங்கை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் எழுந்தோம். வராந்தாவில் அவளுடைய படம் மாட்டியிருந்தது. இரண்டு முதலாண்டுப் பெண்கள் அவளை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார்கள்.

அப்பா அலுமினியத்தில் புதுப் பட்டை செய்தார். கடைச் சாமான் மாதிரி இல்லை, கனமாக, முறியாதபடி. ஆணி, பூட்டு எல்லாம் பித்தளை. அதை மாட்டிக்கொண்டு அவள் மேடத்திடம் போய், காம்பஸை முட்டியில் ஒட்டி வைத்துக் காட்டினாள். முள் அசையவில்லை. மேடம் அழுதார். பிறகு அறிவிப்புப் பலகையைக் கையால் காட்டினார். அடுத்த முகாமுக்குப் புது விதி வந்திருந்தது. எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் நடக்கக் கூடியவர்கள் மட்டும் என்று இருந்தது. காரணம், பாதுகாப்பு.

"யாரையும் குறிவச்சுப் போடலைம்மா" என்றார் மேடம்.

"அது எனக்குத் தெரியும் மேடம். குறி வைக்கணும்னா முதல்ல என்னைப் பார்க்கணுமே" என்றாள்.

அந்த ஆண்டு முழுவதும் அவள் மைக்ராஸ்கோப் அறையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மலையிலிருந்து கொண்டுவந்த கற்களை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். பார்த்து எழுதினாள். அவளோடு நிலவியலில் சேர்ந்திருந்த மீசை வாரக் கடைசியில் ஆற்றங்கரையில் வெயிலில் கறுத்து வந்து கதை சொல்வான். இவள் கேட்டுக்கொள்வாள். வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. அப்பா பேசுவதை அநேகமாக நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் தோல்வாரைக் கட்டிக்கொண்டே சொன்னேன், "நாமளே போகலாம்டி. ஒரு வேன் பேசிக்கலாம். நான் உன்னைத் தூக்கிட்டுப் போறேன். நீ அளந்துட்டு வா."

"அளந்து?"

"நேரா இருக்குன்னு உனக்கே தெரிஞ்சுடும்ல."

"அது நெட்டை அண்ணா சொல்லியே தெரியும். யாருக்காக அளக்கணும் அக்கா? அளந்தா அதைப் போய் யார்கிட்ட கொடுக்கிறது?"

அவள் காத்திருந்தாள், ஒரு முள் நிற்பதற்குக் காத்திருப்பதைப் போல அவ்வளவு நேரம். பிறகு, "வார் இறுக்கமா இருக்கு" என்றாள். தளர்த்தினேன்.

அந்த ஆண்டு முடிவில் அவள் துறை மாற விண்ணப்பித்தாள். மலைமுழுங்கி ஒரு வார்த்தை தடுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. அந்த மடிப்பு இன்னும் அந்தப் பகுதியின் வரைபடத்தில் இருப்பதாக நெட்டை சொன்னார். அவர் ஆராய்ச்சியை முடிக்கவில்லை, ஒரு சுரங்கக் கம்பெனியில் சேர்ந்து வெளிநாடு போய்விட்டார். புதிதாக வந்த பெண்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றுவிட்டார்கள். மறுபடி ஆள் குறைந்து, துறையை வேறொரு துறையோடு சேர்த்துவிட்டார்கள். மலைமுழுங்கி ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார். மேடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மீசை நிலவியலில் பட்டம் வாங்கிவிட்டு மாமாவின் செருப்புக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டார், கை நடுங்குகிறது. தங்கை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் அதே கடையில்தான் இருக்கிறேன்.